சாமியார் பட்டியல் மட்டும் ஊர் வரலாறு ஆகுமா?

நூற்றாண்டு மலர் என்று ஒன்று போடுவார்களே நம் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில் பங்குகளில், பார்த்திருப்பீர்கள். வழவழப்பான தாள், முதல் பக்கத்தில் ஆயர் ஆசியுரை, அடுத்து எம்.எல்.ஏ. வாழ்த்து, அப்புறம் முதல் பங்குத்தந்தையில் ஆரம்பித்து இப்போது இருப்பவர் வரைக்கும் வட்டத்துக்குள் படங்கள், யார் எந்த வருடம் வந்தார், எதைக் கட்டினார், எப்போது மாற்றலாகிப் போனார் என்று. நடுவில் நகைக்கடை விளம்பரம். கடைசியில் விழாக்குழு வெள்ளை வேட்டியில் வரிசையாக நிற்கும். இதற்குத் தலைப்பு "எங்கள் ஊர் வரலாறு". ஊர்க்காரன் பெயரைத் தேடினால் நன்கொடையாளர் பட்டியலில்தான் கிடைக்கும்.

இப்படி ஒரு மலருக்கு என்னிடமும் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் நல்ல மனிதர், மாமா முறை. "ஏலாக்குறிச்சியை உருவாக்கிய வீரமாமுனிவர் என்று ஆரம்பித்து ரெண்டு பக்கம் எழுதிக் கொடு மாப்பிள்ளை, படிக்கிறவர்களுக்குப் பெருமையாக இருக்கணும்" என்றார். எழுதலாம்தான். ஆனால் அந்த முதல் வரியிலேயே எனக்கு ஒரு தகராறு இருக்கிறது, அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முனிவர் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. 1680-இல் வடக்கு இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1710-இல் கோவாவில் வந்து இறங்கி, அடுத்த வருடமே தமிழ்நாட்டுக்குள் வந்து, 1747-இல் சாகிறவரைக்கும் இந்த மொழியோடுதான் கிடந்தார். முதலில் வைத்துக்கொண்ட பெயர் தைரியநாதர், வீரமாமுனிவர் பிறகு வந்தது. இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரை நாயகனாக வைத்து 3615 பாட்டில் தேம்பாவணி, 1732-இல் சதுரகராதி, சிரிக்க வைக்கும் பரமார்த்த குரு கதை எல்லாம் பள்ளியில் படித்ததுதான். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் சிலை வைத்தார்கள், அதற்குத் தகுதியான ஆள்தான். நான் கேட்பது வேறு. ஒரு புத்தகத்தை ஒருவர் எழுதலாம், ஊரை ஒருவர் உண்டாக்க முடியுமா?

ஏலாக்குறிச்சிக்குப் போகாதவர்களுக்கு இடத்தைச் சொல்கிறேன். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாக வடக்கே வந்து கொள்ளிடப் பாலம் தாண்டினால் திருமானூர், அங்கிருந்து கிழக்கே போகவேண்டும். கொள்ளிடத்தின் வடகரை, இப்போது அரியலூர் மாவட்டம். நம் ஆட்கள் சிலர் தென்கரையோடு டெல்டா முடிந்துவிட்டது என்று பேசுவார்கள். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்திலும் அரியலூர் மாவட்டத்தைச் சேர்க்கவில்லை, அது தனிக் கோபம், இன்னொரு நாள் எழுதுகிறேன். இங்கே முக்கியம் ஆறுதான். இன்றைக்கு நமக்கு அது மணல் லாரி போகிற இடம். முந்நூறு வருடத்துக்கு முன்னால் அது எல்லை. தென்கரை தஞ்சை மராட்டிய அரசு, வடகரை அரியலூர் மழவராயர் பாளையம். 1701-இல் தஞ்சையில் ஷாஹஜி ஆட்சியில் கிறிஸ்தவர்கள் மேல் பெரிய அடக்குமுறை வந்தது. தண்ணீர் வற்றிய நாளில் மணலில் நடந்தால் போதும், இன்னொரு ராஜாவின் மண்ணுக்கு வந்துவிடலாம். இப்படிப்பட்ட கரையில் இருக்கும் மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர் இருப்பதும், திருக்காவலூர் என்று முனிவர் தன் பாட்டில் அந்த ஊரைக் கூப்பிடுவதும் சும்மா பக்திக்காக என்று நான் நினைக்கவில்லை. அடைக்கலம் தேவைப்பட்ட ஆட்கள் இருந்தார்கள்.

அவருக்கு முன்னாலும் இந்தப் பக்கம் கிறிஸ்தவர்கள் உண்டு. முனிவரும் சேர்ந்திருந்த சேசு சபையின் வேதம் பரப்பும் ஏற்பாடான மதுரை மிஷனை ராபர்ட் தெ நொபிலி 1606-இல் தொடங்கியாயிற்று. பிறகு ஓரியூரில் 1693-இல் வெட்டுப்பட்ட அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ), 1670-களில் கொள்ளிடக் கரை ஊர்களில் வேலை செய்தவர். ஆக, பெஸ்கி வந்து இறங்கியது வெறும் காட்டில் அல்ல. ஏற்கெனவே பயந்தும் ஓடியும் ஒளிந்தும் வாழ்ந்துகொண்டிருந்த ஒரு சனத்துக்கு நடுவில்.

அப்புறம் மழவராயர் கதை. அரியலூர் மன்னருக்கு ராஜப்பிளவை என்கிற கொடிய கட்டி வந்து வைத்தியர்கள் கைவிட்ட நேரத்தில், முனிவர் பச்சிலையும் சேறும் வைத்துக் கட்டிக் குணப்படுத்தினார், அதற்கு நன்றியாக மன்னர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த கதை. பிடித்ததற்குக் காரணம் அற்புதம் இல்லை. நிலம் கொடுத்ததால்தான் ஊர் நின்றது என்பதை அது மறைக்காமல் சொல்கிறது. இந்து மன்னர் ஒருவர் கொடுத்த மண்ணில் மாதா கோயில். இதை மலரில் பெரிய எழுத்தில் போடுங்கள் என்பேன், இந்தக் காலத்துக்கு இது வேண்டும். ஆனால் கதை அங்கேயே நின்றுவிடுகிறது பாருங்கள். ராஜா கொடுத்தார், சாமியார் வாங்கினார். அந்த நிலத்தில் அதற்குமுன் யார் உழுதார்கள், அதற்கப்புறம் யார் உழுதார்கள், குத்தகை எவ்வளவு, யார் கணக்குப் பார்த்தார்கள் என்று யாருமே கேட்பதில்லை.

இன்னொரு கதை, பல்லக்குக் கதை. முனிவர் பட்டு அங்கி போட்டு, புலித்தோல் விரித்த பல்லக்கில் வந்தார், பாரசீகம் கற்றுக்கொண்டு திருச்சியில் சந்தா சாகிப்பைப் பார்த்து திவான் ஆனார் என்றெல்லாம் எழுதுவார்கள். இதில் பெரும்பாலானது புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை, முனிவர் இறந்து எழுபது வருடத்துக்கும் மேலே ஆனபிறகு எழுதிய சரித்திரத்திலிருந்து வருகிறது. அவர் ஊர் ஊராகப் போய் முனிவரின் சுவடிகளைத் தேடிச் சேர்த்த மனிதர், அந்த உழைப்புக்குக் கும்பிடு. ஆனால் திவான் கதையைப் பின்னால் வந்த சேசுசபைக்காரர்களே நம்பவில்லை. நம் மலர்களில் மட்டும் அது சாகாமல் வருடாவருடம் அச்சாகிறது, ஏனென்றால் சாமியார் திவான் என்றால் ஊருக்குக் கெத்து.

சரி, நான் எதை வைத்து இவ்வளவு பேசுகிறேன்? முனிவர் எழுதிய ஒரு புத்தகத்தை வைத்துத்தான். வேதியர் ஒழுக்கம் என்று ஒன்று, தேம்பாவணி அளவுக்கு யாரும் கொண்டாடாத உரைநடை நூல். வேதியர் என்று அவர் சொல்வது நம் உபதேசியார்களை, அதாவது ஊரிலேயே இருந்து வேதம் சொல்லிக்கொடுக்கிறவர்களை. அந்த வேலைக்கு வந்தவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்காகவே எழுதினது. இவ்வளவு பெரிய புலவர் உட்கார்ந்து உபதேசியாருக்கு என்று தனியாக ஒரு நூல் எழுதுகிறார் என்றால், ஊரை உண்மையில் நடத்தியவர்கள் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு சாமியாருக்கு எத்தனையோ ஊர்கள், ஒவ்வொன்றுக்கும் எப்போதாவதுதான் வர முடியும். மற்ற நாளெல்லாம் செபம் சொல்லிக்கொடுத்தது, சாகக் கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது, சண்டையை விலக்கியது, பிணத்தை அடக்கம் செய்தது எல்லாம் உபதேசியாரும் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையும்தான். ஏலாக்குறிச்சியில் அவர் காலத்து உபதேசியார் ஒருவர் பெயராவது எந்த மலரிலாவது வந்திருக்கிறதா? நான் பார்த்ததில்லை. சதுரகராதி எழுதினவருக்கே தமிழ் சொல்லிக்கொடுத்தவர் சுப்பிரதீபக் கவிராயர், அவர் பெயர்கூடப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாவது வருகிறது.

என் அப்பாயி எழுதப் படிக்கத் தெரியாதவர். திருவிழாப் பிரசங்கத்தில் யாரோ இந்த ஊருக்கு எல்லாம் தந்தவர் முனிவர் என்று முழங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த அத்தையிடம் சொன்னார்: "வந்தாரு, சரி. வந்தவருக்குச் சோறாக்கிப் போட்டது யாரு?" அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அது சிரிப்பாகவே படவில்லை.

சாமியார் இல்லாமல் ஊர் இருந்த காலமும் உண்டே, அதை ஏன் விடுகிறோம்? 1759-இல் போர்ச்சுகல் ராஜா சேசு சபையைத் துரத்தினார், 1773-இல் பாப்பரசரே அதைக் கலைத்துவிட்டார். சேசு சபைக்காரர்கள் மறுபடி மதுரை மிஷனுக்கு வந்தது 1830-களின் கடைசியில். நடுவில் அறுபது, எழுபது வருடம். கோவாவிலிருந்து வந்த சில குருக்கள் இருந்தார்கள், ஆனால் இவ்வளவு பெரிய பரப்புக்கு அவர்கள் எந்த மூலைக்குப் போதும்? அதே காலத்தில்தான் 1781-இல் ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமையைச் சூறையாடி, விளைச்சலே இல்லாமல் போய், சனம் சிதறியது. இதையெல்லாம் தாண்டித் திரும்பி வந்த சாமியார்களுக்கு ஊரும் இருந்தது, கோயிலும் இருந்தது, செபம் தெரிந்த கிழவிகளும் இருந்தார்கள். அந்தப் பக்கம் நம் மலர்களில் காலி. வட்டத்துக்குள் வைக்கப் படம் இல்லை அல்லவா!

இது கிறிஸ்தவ ஊர்களின் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அதே ஷாஹஜி 1693-இல் திருவிசநல்லூரைப் பண்டிதர்களுக்குத் தானமாகக் கொடுத்தார், ஷாஹஜிராஜபுரம் என்று பெயரும் வைத்தார். அந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஸ்ரீதர ஐயாவாளைச் சொல்வார்கள், ராமபத்ர தீட்சிதரைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியவர்கள்தான். ஆனால் அந்தப் பண்டிதர்களுக்கு நெல் எங்கிருந்து வந்தது, நடவு நட்டது யார் என்று எழுதியவர்களை நான் படித்ததில்லை. மதம் வேறாக இருந்தாலும் டெல்டாவில் ஊர்ப் பெருமை எழுதும் சூத்திரம் ஒன்றுதான்.

சாதியையும் சொல்லாமல் விட முடியாது. மதுரை மிஷனிலேயே சாமியார்கள் இரண்டு வகை. மேல்சாதிக்குச் சந்நியாசி, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி. அருளானந்தர் பண்டாரசாமி. இந்த ஏற்பாடு எத்தனை தலைமுறைக்கு நம் கோயில்களுக்குள் நின்றது, எந்தத் தெருவுக்குள் தேர் போகும், எந்தத் தெருவின் முனையிலேயே திரும்பிவிடும், யாருக்குத் தனிக் கல்லறை என்பதெல்லாம் நம் பக்கத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதை எழுதினால் விழா கெட்டுவிடும் என்பார்கள். மறைத்து எழுதின விழாக்கள் ஏற்கெனவே நிறைய நடத்திவிட்டோம் மாமா.

எனவே மலர்க் குழுவுக்கு என் பதில் இது. முனிவர் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தருகிறேன், பல்லக்கு இருக்காது, பச்சிலை இருக்கும். அதோடு நான்கு பக்கம் எனக்கு ஒதுக்குங்கள். கோயிலில் கரையான் தின்றது போக மிச்சமிருக்கும் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தால் தாய் தகப்பன் பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர் எல்லாம் இருக்கும். ஒரே ஞானத்தாய் பெயர் பத்துப் பிள்ளைக்கு வருகிறதென்றால் அவர்தான் அந்தத் தெருவின் மருத்துவச்சியாக இருந்திருப்பார் என்பது என் ஊகம், விசாரித்துப் பார்க்கலாம். கோயில் நிலம் இனாமாக, அதாவது மானியமாக வந்ததென்றால் 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவுகளில் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று தேடலாம். கிராம நிர்வாக அலுவலகத்து நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் இப்போதைய நிலவரம் தெரியும். கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பழைய கற்களில் இருக்கிற எழுத்தை மெழுகி மூடிவிடாமல் முதலில் ஒரு படம் எடுங்கள். வயதான அம்மாக்களிடம் அம்மானைப் பாட்டு தெரியுமா என்று கேளுங்கள், முனிவரே கித்தேரியம்மாள் அம்மானை பாடினவர், அந்த மெட்டு யார் வாயிலாவது மிச்சம் இருக்கலாம்.

அச்சுக்குப் போகும் முன் சொன்னால் தட்டச்சு நானே செய்து தருகிறேன். பக்கம் போதாது என்றால் எம்.எல்.ஏ. வாழ்த்தைக் கொஞ்சம் சுருக்குங்கள்.