ஆன்-12 ஹெர்குலிஸின் நகலா?

“சோவியத் சரக்கு விமானமான ஆன்-12, அமெரிக்கச் சரக்கு விமானமான ஹெர்குலிஸின் அப்பட்டமான நகல்” என்று ஒரு படம் சுற்றுகிறது. தவறு. நான்கு டர்போபிராப் (சுழல்விசிறியை இயக்கும் விசையாழி) எஞ்சின், உயர்ந்த இறக்கை, பின்பக்கக் கதவு எல்லாம் ஒத்துப்போவது உண்மைதான். ஹெர்குலிஸ் 1954-லேயே பறந்ததும் உண்மை. ஆனால் ஆன்-12 வந்த வழி வேறு. அதை வடிவமைத்த சோவியத் அன்டோனவ் குழு முதலில் இரட்டை எஞ்சின் ஆன்-8-ஐ உருவாக்கியது. அதிலிருந்து வளர்ந்த ஆன்-12, 1957 டிசம்பரில் பறந்தது.

உள்ளே பாருங்கள்: ஹெர்குலிஸில் சரக்கு அறை முழுவதும் உயரத்திலும் மூச்சுவிட ஏற்ற காற்றழுத்தம் உண்டு, ஆன்-12-இல் விமானிகள் பகுதிக்கும் அதையொட்டிய சிறு அறைக்கும் மட்டும்தான். ஆன்-12-இன் பின்கதவுகள் உட்புறமாக மேலே மடியும், சாய்தளத்தைத் தனியாக மாட்ட வேண்டும். வாலில் பீரங்கி வேறு!

1962 சீனப் போரில் லடாக்கின் சுசூலுக்கு ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகளைக் கொண்டுபோய் இறக்கியவை நம் விமானப்படையின் ஆன்-12-கள்தான். அந்த உழைப்பை ‘நகல்’ என்று தள்ளுவது அநியாயம்.