ரபி ரோத்ஸ்சைல்ட்: குண்டுக்கு முந்தைய கதை

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ரபியாக (யூத மதகுரு) இருந்த ஜேக்கப் ரோத்ஸ்சைல்ட் என்றாலே 1958 அக்டோபர் 12-ஐத்தான் சொல்வார்கள். விடிகாலை மூன்றரை மணி வாக்கில் சுமார் 50 டைனமைட் குச்சிகள் வெடித்து, அவருடைய ஜெப ஆலயத்தின் சுவர் பெயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு. சில மணி நேரம் தள்ளி வெடித்திருந்தால் வேத வகுப்புப் பிள்ளைகள் உள்ளே இருந்திருப்பார்கள். வழக்கு நடந்தது, யாருக்கும் தண்டனை இல்லை. என்னைக் கேட்டால், கறுப்பர்கள் மீதான இனப்பாகுபாட்டை எதிர்த்த அவருடைய பெரிய வேலை அதற்கு முன்பே நடந்துவிட்டது.

1946-ல் அவர் பொறுப்பேற்றபோது சபையார் பயந்துபோய்த் தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தவர்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. அதே சபையைச் சேர்ந்த லியோ ஃபிராங்கை 1915-ல் ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்த் தூக்கிலிட்டது.

ரபிக்குச் சம்பளம் கொடுப்பது சபை. இடமாற்றம் கொடுத்துக் காப்பாற்ற மேலே பிஷப் கிடையாது. நிர்வாகக் குழு முகம் சுளித்தால் வேலை போகும். ஊர்ப் பிரச்சினையில் குதிக்கும் பல ரபிகள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் வந்து நிற்கிறவர் சொன்னால்தான் கசப்பான பேச்சையும் சபை பொறுத்துக்கொள்ளும். ரோத்ஸ்சைல்ட் இனப்பாகுபாட்டைப் பற்றிய பிரசங்கத்தை ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு), யோம் கிப்பூர் (பாவமன்னிப்பு நோன்பு நாள்) காலத்திலேயே வைத்தார். கூட்டம் நிரம்பும் நாட்கள் அவை. வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறவன் காதிலும் விழும்.

1957-ல் அட்லாண்டா போதகர்கள் 80 பேர் இனப்பிரிவினைக்கு எதிராக அறிக்கை விட்டார்கள். எழுத உதவியவர்களில் இவரும் ஒருவர்; கையெழுத்து மட்டும் போடவில்லை. கிறிஸ்தவ நடையில் இருந்த அறிக்கை அது. பெயர் வராவிட்டாலும் காரியம் நடக்கட்டும் என்று ஒதுங்கி நிற்பது மேடை ஆசாமிகளுக்கு வராது.

குண்டு வெடித்த அடுத்த வெள்ளி இரவு ஆலயம் கொள்ளாத கூட்டம். வேதத்தில் மீகா தீர்க்கதரிசியின் புத்தகம் 4:4-ல் வரும் 'பயப்படுத்துவார் இல்லாமல்' என்பதை எடுத்துப் பேசினார்.

1965 ஜனவரி 27 விருந்தையும் பாருங்கள். கறுப்பர்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்குக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கான பாராட்டு. ரபியோடு பேராயர் ஹாலினன், மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் மேஸ், பத்திரிகையாளர் ரால்ஃப் மெக்கில் அழைத்தும் வெள்ளைக்கார வியாபாரிகள் டிக்கெட் வாங்கவில்லை. நல்ல பெயர்கள் மட்டும் போதவில்லை. மேயர் ஐவன் ஆலனும் கோக்கோ கோலா பெரிய மனிதர்களும் சொன்ன பிறகுதான் டிக்கெட் நகர்ந்தது. சுமார் 1,500 பேர் வந்தார்கள். மேடையில் விருந்தை நடத்தியவர் ரோத்ஸ்சைல்ட். அப்போதும் அவர் அதே சபையின் ரபிதான்.