ரகூவுக்கு மூன்று மணி நேரம் கொடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை தோழி போன் செய்தாள். "பொலொனீஸ் சாஸ் செஞ்சேன், கறி போட்ட தக்காளித் தொக்கு மாதிரி வந்திருக்கு. எங்கேடி தப்பு?" விசாரித்தால், அரைக் கிலோ கறிக்கு ஒரு கிலோ தக்காளி, பத்துப் பல் பூண்டு, குக்கரில் நாலு விசில். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். எனக்கு இந்தச் சாஸ் மேல் அவ்வளவு பிரியம்.

இது பாஸ்தாவோடு சாப்பிடுகிற கறிச் சாஸ், இத்தாலியின் பொலோன்யா நகரத்துச் சமையல். அங்கே பெயர் ரகூ. அதில் கறிதான் பிரதானம், தக்காளி துணைக்கு வருவது. 1891-இல் பெல்லெக்ரினோ அர்த்தூசி வெளியிட்ட சமையல் புத்தகத்தில் பொலோன்யா முறை மக்ரோனி இருக்கிறது. கன்றுக்கறி, பன்றிக்கறி, வெண்ணெய், வெங்காயம், கேரட், செலரி எல்லாம் உண்டு, தக்காளி கிடையாது. 1982-இல் இத்தாலியச் சமையல் அகாடமி ஒரு செய்முறையை பொலோன்யா வணிகச் சபையில் பதிவே செய்துவைத்தது. 2023-இல் அதைப் புதுப்பித்தார்கள். அதன்படி 400 கிராம் மாட்டுக் கொத்துக்கறி, 150 கிராம் பன்றி வயிற்றுக்கறி. அரைத்து வடிகட்டிய தக்காளி 200 கிராம்தான். பூண்டுக்கு இடமே இல்லை.

அடிகனமான பாத்திரம் எடுங்கள். கொழுப்புள்ள பன்றிக்கறியைப் பொடியாக நறுக்கிப் போட்டால் நெய் விடும். அதிலேயே வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் சின்னச் சின்னதாக அரிந்து, நிறம் மாறாமல் சிறுதீயில் வதக்குங்கள். அப்புறம் கொத்துக்கறி.

பலரும் அவசரப்படுவது இங்கேதான். பச்சைக் கறி முதலில் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் இருக்கிற வரை கறி வேகுமே தவிர வறுபடாது. கிண்டிக்கொண்டே காத்திருங்கள். ஒரு கட்டத்தில் சத்தம் மாறும்: தளதளவென்று கொதித்தது போய்ச் சடசடவென்று பொரிய ஆரம்பிக்கும். கறி பழுப்பாகி அடியில் லேசாகப் பிடிக்கும்போது வருகிற வாசனைதான் சாஸுக்கே உயிர். அதன் பிறகு ஒரு கிளாஸ் வைன் ஊற்றி, அதன் நெடி போகும் வரை வற்றவிட வேண்டும். பிறகுதான் தக்காளியும் கறி வேகவைத்த சாறும். தீயை முழுக்கக் குறைத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வருகிற அளவில் இரண்டு மணி நேரம், முடிந்தால் மூன்று. நடுவில் ஒரு கிளாஸ் பால் சேர்த்தால் தக்காளியின் புளிப்பு அடங்கும். நான் அதை விடுவதே இல்லை.

குக்கரில் கறி மெத்தென்று வெந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் மூடிய பாத்திரத்தில் தண்ணீர் எங்கே போகும்? ரகூ சுண்ட வேண்டிய பண்டம். கறியில் இருக்கும் ஜவ்வு மெல்லக் கரைந்து ஜெலட்டினாகி, அந்தச் சாறு வற்றி வற்றிக் கறியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்பது பதம்.

மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் சாப்பிடாதவர்கள் கொழுப்போடு கொத்திய ஆட்டுக்கறியில், வெண்ணெய் விட்டுச் செய்யலாம். நானே பலமுறை செய்திருக்கிறேன், நன்றாக வரும். ஆனால் மிளகாய்த்தூளும் கரம் மசாலாவும் போடாதீர்கள். போட்டால் அது கைமாக் குழம்பு. அது அருமையான குழம்பு, அதை அந்தப் பேரிலேயே சாப்பிடுவோம்.

பலரும் இதோடு சேர்க்கிற ஸ்பகெட்டி பற்றியும் ஒரு வார்த்தை. பொலோன்யாவில் ரகூவுக்கு ஜோடி தாலியாத்தெல்லே, அதாவது முட்டை சேர்த்துப் பிசைந்த தட்டைப் பட்டை. வெந்த பிறகு அது 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-இல் தங்கத்தில் ஒன்று செய்து அதே வணிகச் சபையில் வைத்திருக்கிறார்கள். உருண்டையான ஸ்பகெட்டியில் கறி நிற்காமல் வழுக்கித் தட்டின் அடிக்குப் போய்விடும். பட்டையில் ஒவ்வொரு வாய்க்கும் கறி வரும்.

தோழி வருகிற ஞாயிறு மறுபடி செய்யப்போகிறாள். ஒரு மணிச் சாப்பாட்டுக்குக் காலை ஒன்பதரைக்கே அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லியிருக்கிறேன். குக்கரை நான் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டேன்.