கடன் நோட்டும் கணக்குப் பாடமும்

(2020 டிசம்பர். புரெவிப் புயலால் பாம்பன் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. கருவாட்டுக் கடை அக்காவிடம் படகுத் தொழிலாளி ஒருவர் வருகிறார்.)

தம்பி: அக்கா, மார்ச் மாதம் மூடிய பள்ளிக்கூடம் இன்னும் திறந்தபாடில்லை. புயல் என்னையும் வீட்டில் உட்கார வைத்துவிட்டதால், நான்காம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு நானே பாடம் நடத்தலாமென்று புத்தகத்தை எடுத்தேன்.

அக்கா: தெருமுனை வரை கேட்டதே! பாடம் நடத்துகிறாயா, வலை இழுக்க ஆள் கூப்பிடுகிறாயா என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

தம்பி: சத்தம் போடாவிட்டால் அவன் தூங்கிவிடுகிறான். இருக்கும் ஒரே கைப்பேசியைப் பத்தாம் வகுப்பு மகள் விடுவதில்லை. கல்வித் தொலைக்காட்சியில் தன் வகுப்புக்கான பாடம் முடிந்த பிறகும் அக்காளோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததில், ஏழாம் வாய்ப்பாடு தெரியாத பயல் நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பித்து, "என்னை அடித்தால் உங்கள் கைக்கும் அதே வலி வரும்" என்று எச்சரிக்கிறான்.

அக்கா: அடியை விடு. சின்னப் பிள்ளையை நாள் முழுக்கப் பிடித்து வைக்காதே. இருபது நிமிடம் படிக்கவிட்டு, படித்ததை அவனையே உனக்குச் சொல்லித்தரச் சொல். நீ தெரியாததுபோல் கேள்வி கேள்.

தம்பி: நடிக்கவே வேண்டாம், எனக்கு உண்மையிலேயே தெரியாது.

அக்கா: உன்னைவிட நல்ல மாணவன் அவனுக்கு எங்கே கிடைப்பான்! கணக்குக்குத்தான் என் கடைக்கு வருகிறானே. நெத்திலியையும் சாளையையும் நிறுத்து, விலையைப் பெருக்கி, கடன் நோட்டில் அவனே எழுதுகிறான். முக்கால் கிலோ என்பது ஒரு கிலோவில் நாலில் மூன்று கூறு என்பதை, தட்டில் கருவாட்டைக் கூறு கட்டி வைத்துப் புரிந்துகொண்டான்.

தம்பி: நன்றாகவே புரிந்துகொண்டான், அதைச் சொல்லத்தான் வந்தேன். நேற்று அந்த நோட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறான். போன மாதம் நாங்கள் வாங்கிய முக்கால் கிலோ நெத்திலிக்கு, கிலோ 320 ரூபாய் என்றால் 240தான் வர வேண்டும், அக்கா 280 எழுதியிருக்கிறார் என்கிறான்.

அக்கா: (தராசைத் துடைத்தபடி) மழைக்காலத்தில் கருவாடு ஈரம் குடித்துக் கனத்துவிடும், தம்பி.

தம்பி: நானும் அதையே சொன்னேன். ஈரத்தில் எடை கூடலாம், பெருக்கல் எப்படிக் கூடும் என்று கேட்கிறான். மற்ற வீட்டுப் பக்கங்களையும் சரிபார்க்க நாளைக் காலையிலேயே வருகிறானாம்.

அக்கா: பச்சைப் பிள்ளைக்கு எதற்கு அவ்வளவு பாரம்? கணக்கைப் பள்ளிக்கூடம் திறந்ததும் வாத்தியார் பார்த்துக்கொள்வார். நாளையிலிருந்து அவனுக்கு நான் தமிழ்ச் செய்யுள் மட்டும் சொல்லித்தருகிறேன்.