அடுத்த தெரு

திருநெல்வேலிக்காரர்களுக்கு வேற்று மனிதரை ஏற்கும் மனம் கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஊர் வரலாறு தெரியாத பேச்சு அது. நம் ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது அல்வாவைத்தான். அந்த அல்வாவை இங்கே கொண்டுவந்து கிண்டியவர்கள் ராஜஸ்தானத்திலிருந்து வந்த சிங் குடும்பங்கள். சொக்கம்பட்டி ஜமீன்தார் அழைத்துவந்த சமையல்காரர்களிடமிருந்து அந்தக் கதை தொடங்குகிறது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே சாயங்காலமானால் கூட்டம் முண்டியடிக்கும் இருட்டுக்கடையும் அப்படி வந்த குடும்பத்துக் கடைதான். அவர்களுடைய ஊர் வேறு, வீட்டுப் பேச்சு வேறு, சடங்கு வேறு. நாம் யாரும் அவர்களை அந்நியராக நினைப்பதில்லை. அவர்கள் கைப்பக்குவம்தான் இன்றைக்கு நம் ஊரின் முகவரி.

பத்தமடையை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை நார் நாராகக் கீறி, சாயமேற்றி, மணமக்கள் பெயரையும் சேர்த்துக் கல்யாணப் பாய் நெய்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். அந்தப் பாய்தான் எத்தனையோ இந்து வீடுகளின் சீர்வரிசையில் முன்னால் போகிறது. பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் தர்காவுக்கு நேர்ந்துகொள்ளாத குடும்பம் கடையம் பக்கம் எத்தனை இருக்கும்? இடையன்குடிக்குப் போனால் அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் தேவாலயத்துக்குள் உறங்குகிறார். 1841-இல் அந்தத் தேரிக்காட்டுக்கு வந்தவர் 1891-இல் இறக்கும்வரை அந்த ஊர்க்காரராகவே இருந்தார். இன்றைக்கும் அந்த ஊரார் அவரைத் தங்கள் வீட்டுப் பெரியவரைப் போலத்தான் பேசுகிறார்கள்.

பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியும் பார்வையற்றோருக்கான பள்ளியும் நூறாண்டு கடந்தவை. நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்குக் காது கேளாத பையன்கள் சிலர் வருவார்கள். டீ மாஸ்டர் அவர்களோடு கையாலேயே பேசுவார். சர்க்கரை வேண்டுமா, வேண்டாமா, பாக்கி எவ்வளவு, பரீட்சை எப்படி எழுதினாய் என்பதெல்லாம் விரல்களிலேயே நடக்கும். அவர் இதை எங்கும் போய்ப் படிக்கவில்லை. பிள்ளைகள் தினமும் வந்தார்கள், அவர் கற்றுக்கொண்டார். ஒருநாள் அவர் காட்டிய சைகையை ஒரு பையன் தவறு என்று திருத்தினான். அவர் கையிலிருந்த டீக்குவளையைக் கீழே வைத்தார். திரும்பத் திரும்பச் செய்து காட்டி, அவன் சரியென்று தலையாட்டிய பிறகுதான் அடுத்த டீயை ஆற்றத் தொடங்கினார். காத்திருந்தவர்களில் ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. இதுவும் திருநெல்வேலிதான்.

இவ்வளவு மனமுள்ள நாம் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் கல்லாகிவிடுகிறோம். அவன் அடுத்த தெருக்காரன்.

அவன் பேசுவதும் இதே தமிழ்தான். அவன் அப்பாவைக் கூப்பிடவும் ‘அண்ணாச்சி’ என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். அவன் வீட்டுக் கூட்டாஞ்சோறுக்கும் நம் வீட்டுக் கூட்டாஞ்சோறுக்கும் ருசியில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. நம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டுப் பாடிய அதே குழு அடுத்த வாரம் அவன் தெருக் கொடையில் பாடுகிறது. ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே ரேஷன் கடை, ஒரே பஸ். ராஜஸ்தானத்துக்காரரையும் அயர்லாந்துக்காரரையும் சொந்தமாக்கிக்கொண்ட நம்மால், இவ்வளவு தூரம் நம்மைப் போலவே இருக்கும் இவனை ஏற்க முடியவில்லை. தூரத்திலிருந்து வருபவர் நம் இடத்தைக் கேட்பதில்லை. அடுத்த தெருக்காரன் நமக்குச் சமமாக உட்கார வருகிறான். நம் ஊரின் சாதி நோய் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பள்ளி விடும் நேரத்தில் பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரி போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். நான் ஒருநாள் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் ஒரு பையன். மணிக்கட்டில் கயிறு. பக்கத்து இடம் காலி. அதே சீருடையில், புத்தகப் பை தோளை அழுத்த, இன்னொரு பையன் கம்பியைப் பிடித்து நிற்கிறான். அவன் கையிலும் கயிறு, ஆனால் நிறம் வேறு. கண்டக்டர் “உட்கார் தம்பி” என்றார். பரவாயில்லை என்று தலையசைத்துவிட்டான். உட்கார்ந்திருந்தவன் திரும்பியே பார்க்கவில்லை. மூன்றடைப்பு வரைக்கும் அந்த இடம் காலியாகவே போனது. பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். முந்தைய பீரியடில் இரண்டு பேரும் ஒரே பாடத்தைக்கூடப் படித்திருக்கலாம்.

இந்தக் கயிறு புதிய செய்தி ஒன்றுமில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறம் பிரித்து மாணவர்கள் கட்டுகிறார்கள், இதைத் தடுக்க வேண்டும் என்று 2019-இலேயே பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. அந்தச் சுற்றறிக்கை காகிதத்தோடு நின்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளியில் அவனை விடாமல் சீண்டிய பிள்ளைகள்தான் வீடு தேடி வந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த மாணவன் நல்ல மதிப்பெண்ணோடு தேறினான் என்று படித்தபோது நான் அழுதேன். அந்த அண்ணன் தங்கையின் மனவுறுதிக்கு நாம் யாரும் காரணமில்லை. அவர்கள் பட்ட வெட்டுக்கு நாமெல்லோரும் பொறுப்பு.

அதன் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் என எந்த அடையாளமும் பள்ளிக்குள் வரக் கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக் கூடாது, பெயரின் அகரவரிசைப்படி மாணவர்களை உட்காரவைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அறிக்கை வந்ததும் நெற்றித் திலகத்தைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போட்டார்கள். எனக்கு அதில் மிகப் பெரியதாகப் பட்டது உட்காரவைக்கும் முறை. அதைப் பற்றிப் பேச ஆளே இல்லை.

கயிற்றை வாசலில் அறுத்துவிடலாம். கட்டிவிட்ட கை வீட்டில் இருக்கிறதே! பிள்ளை இதை எங்கே கற்கிறது என்பதற்கு நான் ஒரு கல்யாண வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் ஓர் இளைஞன் வந்திருந்தான். நல்ல பையன், பந்தியில் இலை போடுவதிலிருந்து கூட நின்று வேலை செய்தான். எங்கள் உறவில் ஒரு பெரியவர் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“தம்பிக்கு எந்த ஊர்?”

“முக்கூடல் பக்கம், தாத்தா.”

“அங்கே எந்தத் தெரு?”

சொன்னான்.

“அப்பா பெயர் என்ன?”

அதையும் சொன்னான்.

“கொடைக்கு எந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கிறீர்கள்?”

நம் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வியின் பொருள் தெரியும். கோயிலைச் சொல்லிவிட்டால் சாதியைச் சொல்லவே வேண்டாம். பையன் கோயிலின் பெயரைச் சொன்னான். பெரியவர் கோபப்படவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. “சரி தம்பி, சாப்பிட்டுப் போ” என்றார், அவ்வளவுதான். ஆனால் அதுவரை அவன் முழங்காலின் மேலிருந்த தன் கையை எடுத்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த பேரன், ஏழாம் வகுப்புப் படிக்கிறவன், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பாடத்துக்குப் புத்தகம் தேவையில்லை. அந்தக் கை நகர்ந்தது போதும்.

இதில் எனக்குப் பெரிய துக்கம், நூறு வருடங்களுக்கு முன்பே இந்த மண்ணில் இந்த விவகாரம் பேசப்பட்டுவிட்டது என்பதுதான். சேரன்மகாதேவியில் வ.வே.சு. அய்யர் குருகுலம் நடத்தினார். தேசபக்தர், படித்தவர். காங்கிரஸ் அதற்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து எழுந்தார்கள். தமிழ்நாடு முழுவதும் அந்தப் பேச்சாக இருந்தது. பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்பது அய்யர் சொன்ன காரணம். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. 1925-இல் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் பாய்ந்து உயிரை விட்டவர். அப்படிப்பட்ட மனிதரால்கூடச் சில பெற்றோரிடம் “முடியாது, எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும்” என்று சொல்ல முடியவில்லை. இன்றைக்கு நம் தலைமையாசிரியர்கள் பலர் நிற்பதும் அதே இடத்தில்தான். பெற்றோர் விரும்பமாட்டார்கள் என்ற சொல்லுக்கு நூறு வயதாகிவிட்டது.

அதே பாபநாசத்து மலைமேல், காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு மாவட்டமே அங்கே குடில் போட்டுத் தங்கும். எல்லாச் சாதியும் வரும். அங்கே பட்டவராயன் சந்நிதியில் நேர்த்திக்கடனாகத் தோல் செருப்பைக் காணிக்கை வைக்கிறோம். யார் அந்தப் பட்டவராயன்? முத்துப்பட்டன் என்ற பிராமண இளைஞன். பொம்மக்கா, திம்மக்கா என்ற செருப்புத் தைக்கும் வீட்டுப் பெண்கள் மேல் ஆசைப்பட்டு, அவர்கள் தகப்பன் வாலப்பகடை சொன்னபடி குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து, தானும் செருப்புத் தைத்து, அவர்களை மணந்துகொண்டவன். மாமனாரின் மாடுகளைத் திருடர்களிடமிருந்து மீட்கப் போய் உயிர் விட்டவன். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தார். அந்தக் கதைப்பாடலின் சில வடிவங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்கள், காட்டில் கிடந்து வாலப்பகடை வீட்டில் வளர்ந்தவர்கள் என்று ஒரு திருப்பம் வரும். கதையைக் கேட்டவர்களில் யாருக்கோ மனம் ஒப்பாமல் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். கும்பிடும் சாமியின் கல்யாணத்தைக்கூட உள்ளபடி ஏற்க முடியாமல் போயிருக்கிறது.

அந்தக் கோயிலில் சாதி மாறி மணந்தவனுக்குச் செருப்பு வைத்துக் கண்ணீர் விட்டுக் கும்பிடும் மாவட்டத்தில், 2025 ஜூலையில், பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் ஒரு மென்பொருள் பொறியாளரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அவர் பழகிவந்த பெண்ணின் உடன்பிறந்தவர் கைதானார். நன்றாகப் படித்து, நல்ல சம்பளத்தில் இருந்த பிள்ளை. படிப்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறோமே, இரண்டு வீட்டிலும் படிப்பு இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றை மனம்விட்டுப் பேச வேண்டும். உறவினர்களிடம் இதைப் பேசினால் கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். “பழகட்டும், அதற்கு யார் வேண்டாம் என்றார்கள்? நாளைக்குப் பெண் கேட்டு வந்து நின்றால்?” பிள்ளைகளைச் சேர்ந்து உட்காரவிடாமல் தடுப்பது இந்தப் பயம்தான். பெஞ்சைப் பிரிப்பதும், விளையாட்டில் அணி பிரிப்பதும், டியூஷனுக்குக்கூட நம் தெரு வாத்தியாரைத் தேடுவதும் இதற்காகத்தான். கல்யாணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளையின் சிநேகிதத்தைத் தீர்மானிக்கிறோம்.

என் மச்சான் ஒருவர் இதே கேள்வியை என்னிடம் நேராகவே கேட்டார். “உன் மகள் நாளைக்கு அப்படி ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வாய்?” என்றார். பையன் நல்லவனா, அவளை மதிப்பானா, இரண்டு பேரும் சம்பாதித்துக் குடும்பம் நடத்துவார்களா என்று பார்ப்பேன், எல்லாம் சரியாக இருந்தால் நானே முன்னால் நின்று நடத்திவைப்பேன் என்றேன். என் மகளும் அப்போது அங்கேதான் இருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். மச்சான் அதற்குப் பிறகு முன்போலப் பேசுவதில்லை. அது எனக்கு வருத்தம்தான். சொன்னதை மாற்றிக்கொள்ளும் எண்ணம் இல்லை.

“இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள், நீங்கள்தான் கிளறுகிறீர்கள்” என்று கீழே எழுதப்போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதும் முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அடுத்த தெருவில் எந்த வீட்டு அடுக்களை வரைக்கும் நீங்கள் போயிருக்கிறீர்கள்? உங்கள் வீட்டு அடுக்களை வரைக்கும் அங்கிருந்து யார் வந்திருக்கிறார்கள்? கல்யாண மண்டபத்துப் பந்தியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பண்டிகை இல்லாத ஒரு சாதாரண நாளில், வீட்டில் இருப்பதைப் போட்டுச் சாப்பிடவைத்ததை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

எங்கள் பகுதி அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வரப்போகிறது. வகுப்பில் பெயர் வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், மாதம் ஒருமுறை இடம் மாற்ற வேண்டும், கபடி அணிகளைக் குலுக்கல் சீட்டில் பிரிக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட எங்கள் தெருவிலிருந்து சிலர் சம்மதித்திருக்கிறார்கள். அடுத்த தெருவுக்குப் போய் வாசலில் நின்று பேசாமல், வீட்டுக்குள் உட்கார்ந்து பேசிக் கையெழுத்து வாங்கி வருவதாக இருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் அதே பள்ளியில் படித்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்தே போகலாம்.