தலைப்பாகையோடு போனது

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கோப்பா."

போன வைகாசியில் எங்கள் வீடு எரிந்த மறுநாள் காலையிலிருந்து இதை எத்தனை பேர் சொன்னார்கள் என்று கணக்கு வைக்கவில்லை. சொன்ன எல்லாரும் நல்லவர்கள். பாதிப் பேர் கையில் இட்லித் தூக்குவாளி இருந்தது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: வீடு எரிந்தவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள். கேட்ட அந்த நிமிடத்தோடு அழுகை அடைபட்டுப் போகிறது. உயிர் பிழைத்தவன் சட்டிப் பானைக்கு அழுதால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவானே.

மதுரை செல்லூரில் சந்துக்குள் இருக்கும் வீடு எங்களுடையது. தாத்தா கட்டியது. மரப்பட்டி வயரிங்கை மாற்ற வேண்டும் என்று பத்து வருடமாகப் பேசிக்கொண்டே இருந்தோம். ஃபிரிட்ஜ், மிக்ஸி, தண்ணீர் ஃபில்டர் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். ராத்திரி ஒன்றரை மணிக்கு அம்மாதான் முதலில் இருமினார். அப்பா மெயினை அமத்தினார், நான் 101-க்கு அடித்தேன். தல்லாகுளத்திலிருந்து வண்டி வந்தது, ஆனால் சந்துக்குள் நுழைய வழியில்லை. முக்கிலேயே நிறுத்திவிட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். முதல் வேலையாக சிலிண்டரை வெளியே உருட்டினார்கள். அடுப்படியும் நடு அறையும் போயின. மற்ற அறைகள் எரியவில்லை, கறுத்துப் போயின.

காலையில் உள்ளே போக விடவில்லை. "உத்தரம் பாதி கருகியிருக்கு சார், எப்ப இறங்கும்னு சொல்ல முடியாது" என்றார் தீயணைப்பு வீரர் ஒருவர். என் வீட்டுக்குள் போக இவர் யார் தடுக்க என்று எனக்குக் கோபம். 2020 தீபாவளியன்று விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெரு ஜவுளிக்கடையில் தீப்பிடித்தபோது பழைய கட்டடம் இடிந்து விழுந்து தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கோபத்துக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

இன்னொரு நெருப்பையும் நம் ஊர் மறந்திருக்காது. 2018 பிப்ரவரி 2, இரவு. மீனாட்சி அம்மன் கோயிலில் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் பிடித்த தீ. மறுநாள் டீக்கடையில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் பேச முடியாமல் நின்றார்கள். தூண் வெடித்ததற்கும் மேற்கூரைக் கல் விழுந்ததற்கும் ஊரே துக்கம் காத்தது. "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்று அன்றைக்கு யாரும் யாரையும் தேற்றவில்லை. கல்லுக்கு அழத் தெரிந்த ஊர்தான் இது. ஒரு அடுப்படிக்கும் கொஞ்சம் அழ விட்டால் என்ன?

துட்டி வீட்டுக்கு நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. எட்டு, பதினாறு, முதல் தீபாவளி, வருஷத் திதி. எந்த நாளில் போக வேண்டும், என்ன கொண்டு போக வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எரிந்த வீட்டுக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. மூன்று நாள் கூட்டம், அதற்கப்புறம் ஆளே இல்லை. எங்களுக்கு ஆள் தேவைப்பட்டது இரண்டாவது மாதத்தில்தான்.

முதல் வாரத்தில் அம்மாவுக்கு முப்பது சேலைக்கு மேல் வந்து சேர்ந்தது. கட்ட ஒரு ஜாக்கெட் இல்லை. துணி எடுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போனால், "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களாம்மா?" என்றார் தையல்காரர். அம்மா அப்படியே நின்றார். இருபது வருடமாக ஒரே அளவு ஜாக்கெட், அக்குள் பக்கம் இரண்டு தரம் பிரித்துத் தைத்தது. அதுவும் பீரோவோடு போயிருந்தது. வீடு எரிந்தபோது அழாத அம்மா அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். தையல்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மெஷினை நிறுத்தினார், டீ வாங்கி வரச் சொன்னார், பிறகு டேப்பை எடுத்தார். அத்தனை நாளில் எங்களுக்குச் சரியாக ஆறுதல் சொன்ன மனிதர் அவர்தான்.

சுத்தம் செய்ததில் நாங்கள் செய்த தப்பை நீங்களும் செய்துவிடாதீர்கள். தெருவே வாளியும் ஈரத்துணியுமாக வந்து சுவரைத் துடைத்தது. புகைக்கரியில் எண்ணெய்ப் பசை இருக்கும். ஈரம் பட்டதும் இழுத்துக்கொண்டு இன்னும் உள்ளே ஊறிவிட்டது. முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும், சோப்புத் தண்ணீர் அப்புறம்தான். அவசரப்பட்டு அதன் மேலேயே வெள்ளை அடித்தோம். பத்தாம் நாள் மஞ்சள் மஞ்சளாகக் கறை மேலே வந்தது. சுரண்டிவிட்டு, ஆயில் பிரைமர் அடித்து, முதலிலிருந்து ஆரம்பித்தோம். வேகாமல் தப்பித்த அரிசி மூட்டையை அம்மா விடுவதாக இல்லை. ஒரு நாள் உலை வைத்தார். சோறு முழுக்கப் புகை வாசம். சூடும் புகையும் பட்ட சாப்பாட்டுச் சாமானையும் மாத்திரையையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

காகித வேலை தனிக் கதை. தீயணைப்பு நிலையத்தில் சான்று, போலீசில் மனு ரசீது, ரேஷன் கார்டு, மகளின் சான்றிதழ்கள். பத்திரம் ஓரமெல்லாம் கருகியிருந்தது, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்தோம். சேலை மடிப்பில் அம்மா சேர்த்து வைத்திருந்த ஐநூறு ரூபாய் நோட்டுகள் கருகி ஒட்டிப்போயிருந்தன. உள்ளூர் வங்கியில் இதை வாங்க முடியாது, ரிசர்வ் வங்கிக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். விதி அப்படித்தான். டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து, குழந்தையைத் தூக்குவது போல மடியில் வைத்துக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போனேன். இந்த நோட்டுக்கெல்லாம் மிஞ்சிய பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம், 40-லிருந்து 80 வரை பாதி, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஏழு நோட்டுக்கு முழுசும் ஒன்பதுக்குப் பாதியும் தேறியது, 5,750 ரூபாய். மற்றதெல்லாம் சாம்பல்.

இன்சூரன்ஸ் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. பைக்குக்கு இருந்தது! 2021 ஏப்ரலிலிருந்து பாரத் கிருஹ ரக்ஷா என்று வீட்டுக்கென்றே ஒரு பாலிசி இருக்கிறது. கட்டடத்துக்கு எடுத்தால் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமானுக்கும் தானாகவே சேர்ந்துவிடும். எரிந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கேஸ் இணைப்போடு வரும் காப்பீடு கேஸால் நடந்த விபத்துக்கு மட்டும்தான். எங்கள் சிலிண்டர் சமர்த்து, வெடிக்கவில்லை.

வீட்டைச் சரிசெய்து திரும்பும்வரை எட்டு மாதம் விளாங்குடியில் வாடகை வீடு. கார்த்திகைக்கு அம்மா ஒரே ஒரு அகல் ஏற்றினார். வழக்கமாக வாசலில், திண்ணையில், மாடிப்படியில் என்று முப்பது விளக்காவது எரியும். அந்த ஒற்றை விளக்கின் பக்கத்தில், ஒரு சொம்புத் தண்ணீரோடு, எண்ணெய் தீரும்வரை உட்கார்ந்திருந்தார். என் மகள் பாட்டி மடியில் படுத்துக்கொண்டு திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எதுவும் பேசவில்லை.

வேலை முடிந்தும் உடனே திரும்ப முடியவில்லை. மார்கழியில் குடி போகக் கூடாது என்று இன்னொரு மாத வாடகை. ராசியில்லாத வீடு, விற்றுவிடு என்று ஒரு மாமா. வாசலை மாற்றி வை என்று இன்னொருவர். வயரிங்கை மாற்றுங்கள் என்று சொன்னவர் எலக்ட்ரீஷியன் மட்டும்தான். ஃபிரிட்ஜுக்குத் தனி லைன் இழுத்துக் கொடுத்தார். தை பிறந்து பால் காய்ச்சினோம். அடுப்பைப் பற்றவைக்க அம்மாவின் கை மூன்று தரம் போய்த் திரும்பியது. கடைசியில் அப்பா பற்றவைத்தார்.

வீட்டுக்குத் திரும்பிவிட்டோம் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. புது பெயிண்ட் வாசத்தில் வேறு யாருடைய வீட்டுக்கோ வந்தது போல இருந்தது. அது தோன்றியது மூன்று வாரம் கழித்து.

எதிர்வீட்டு அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ராத்திரி என் மகளைப் போர்வையில் சுருட்டித் தூக்கிப் போனவர், ஒரு வாரம் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டவர். அதற்கு முன்னால் அவருக்கும் அம்மாவுக்கும் வாரம் ஒரு சண்டை. கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நேரத்தில் அவர் மோட்டார் போட்டு இழுத்துவிடுவார், எங்கள் குழாயில் சொட்டு வராது. நாங்கள் திரும்பி வந்த பிறகும் மோட்டார் ஓடத்தான் செய்தது. அம்மா காலிக் குடத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். "நம்ம பிள்ளையத் தூக்கி வச்சவகளை எப்படிக் கேக்குறது" என்பார். பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து என்றேனே, அன்றைக்கு விடிகாலை ஐந்து மணி. வாசலிலிருந்து அம்மாவின் குரல், பழைய உச்சத்தில்.

"மதினி! மோட்டாரை அமத்துறீங்களா இல்லையா? இங்க குழாயில காத்துதான் வருது!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"எட்டு மாசமா நிம்மதியாத் தண்ணி பிடிச்சேன். வந்துட்டீகளா?"