டீன் ஸ்மித் அனுப்பிய 200 டாலர்

2015 மார்ச் மாதம் அமெரிக்காவில் சுமார் 180 பேருக்குத் தபாலில் ஒரு காசோலை வந்தது. ஆளுக்கு 200 டாலர். கோச் டீன் ஸ்மித்தின் செலவில் வெளியே போய் நல்லபடியாக ஒரு வேளை சாப்பிடுங்கள் என்று செய்தி. கோச் பிப்ரவரி 7 அன்றே, 83 வயதில், இறந்துபோயிருந்தார். உயிலில் எழுதி வைத்திருக்கிறார். வட கரோலினா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் அவரிடம் ஆடிய மைக்கேல் ஜோர்டனுக்கும் 200, பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவருக்கும் அதே 200. கோடீஸ்வரர் ஜோர்டனுக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த மனிதரை விளங்கவைப்பது கடினம்.

அவரைப் பற்றிய கட்டுரைகள் எண்களில்தான் தொடங்குகின்றன. 1961 முதல் 1997 வரை 36 பருவங்கள், 879 வெற்றிகள், 11 முறை இறுதி நால்வர் சுற்று (தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகள் மோதும் கட்டம்), இரண்டு தேசியப் பட்டங்கள். அந்த 879 அன்று சாதனை. பத்தே ஆண்டில் இன்னொரு பயிற்சியாளர் பாப் நைட் அதைத் தாண்டினார். பக்கத்து டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் ஷெஷெவ்ஸ்கி பிறகு 1,200-ஐயும் தாண்டிவிட்டார். எனக்கு அந்தக் கணக்கில் பெரிய ஆர்வம் இல்லை.

எனக்குப் பிடித்தது ஒரு விரல். பந்தைக் கூடையில் போட்டவன், அதைத் தனக்குக் கொடுத்தவனை நோக்கி விரல் நீட்ட வேண்டும். ஸ்மித் அணியில் அது பழக்கமாகவே ஊறிப்போனது. கைதட்டல் முழுவதும் போட்டவனுக்குப் போகும் ஆட்டத்தில், கொடுத்தவன் யார் என்று அரங்கமே திரும்பிப் பார்க்கும்.

இன்னொன்று மூடிய கை. களைத்துப்போனவன் கையை மடக்கி உயர்த்தினால் கோச் வெளியே எடுத்துவிடுவார். மூச்சு திரும்பியதும் அவனாகவே சொல்லி உள்ளே போகலாம். களைப்பை மறைத்தால் இடம் பறிபோகும், ஒப்புக்கொண்டால் போகாது. இவ்வளவு எளிய ஏற்பாடு வேறு எத்தனை பயிற்சியாளர்களுக்குத் தோன்றியிருக்கும்? பெஞ்சில் இருக்கும் ஐந்து பேரை 'நீல அணி' என்று மொத்தமாக இறக்கிவிடுவதும் உண்டு. இரண்டு நிமிடமானாலும் அது அவர்களுடைய நேரம்.

குறையே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. முன்னிலை கிடைத்ததும் நான்கு மூலைகளிலும் ஆட்களை நிறுத்திப் பந்தைச் சுற்றவிட்டுக்கொண்டே நேரத்தைத் தின்னும் அவருடைய உத்தியை என்னால் ரசிக்க முடிந்ததில்லை. 1982 மார்ச்சில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு எதிரான வட்டாரக் கல்லூரி லீக்கின் இறுதி ஆட்டம் 47-45 என்று முடிந்தது. அதெல்லாம் பார்க்கிற ஆட்டமா? பந்து கைக்கு வந்தால் 45 விநாடிக்குள் கூடையை நோக்கி வீசியாக வேண்டும் என்ற கெடு கல்லூரி ஆட்டங்களுக்கு வந்ததில் இவருக்கும் பங்கு உண்டு. அதே மாதம்தான் ஜோர்டனின் கடைசி நேர வீச்சில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தை 63-62 என்று வென்று முதல் தேசியப் பட்டம் வாங்கினார். அதற்கு முன் ஆறு முறை இறுதி நால்வர் சுற்றுவரை போய் வெறுங்கையோடு திரும்பியவர்.

தொடக்கத்தில் அவரை அங்கே யாரும் கொண்டாடவில்லை. 1965 ஜனவரியில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்திடம் தோற்றுவிட்டு அணி பஸ்ஸில் திரும்பியபோது, ஸ்மித்தின் கொடும்பாவி தூக்கில் தொங்கியது. ஆட்டக்காரர் பில்லி கன்னிங்ஹாம் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய் அதைப் பிய்த்தெறிந்தார். அடுத்த ஆண்டே சார்லி ஸ்காட்டை ஸ்மித் சேர்த்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவர். ஓர் ஆட்டத்தில் ஒரு பார்வையாளர் ஸ்காட்டை இனத்தைச் சொல்லி இழிவாகத் திட்டியபோது, அமைதிக்குப் பேர்போன ஸ்மித்தை உதவியாளர்கள் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அதற்கு முன்பே, அணி வழக்கமாகச் சாப்பிடும் உணவகத்துக்கு ஒரு பாதிரியாரோடும் ஒரு கறுப்பின மாணவரோடும் போய் உட்கார்ந்தவர் அவர். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இடம் அது. பரிமாறினார்கள். இதை ஸ்மித் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையாளருக்குப் பாதிரியார் சொன்னபோது, ஏன் சொன்னார் என்று சங்கடப்பட்டார்.

1997 அக்டோபரில் விலகினார். பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. வெளியிலிருந்து ஆள் தேட நிர்வாகத்துக்கு அவகாசம் இல்லை. பதவி, 30 ஆண்டு உடனிருந்த உதவியாளர் பில் கத்ரிஜுக்குப் போனது. ஸ்மித் கணக்குப் போட்டே நாளைக் குறித்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். கத்ரிஜ் முதல் பருவத்திலேயே 34 ஆட்டங்களை வென்று, அணியை இறுதி நால்வர் சுற்றுக்குக் கொண்டுபோனார்.